நீர்க்கரடிப் புரதங்களும் உலரும் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்க்கரடி எட்டுக் கால் கொண்ட நுண்விலங்கு. பெரும்பாலான இனங்கள் அரை மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. உடலிலுள்ள நீரில் ஏறக்குறைய முழுவதையும் இழந்து, பீப்பாய் போலச் சுருங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் மறுபடி நடக்கத் தொடங்கும் இனங்கள் இவற்றில் பல உண்டு. அந்த உலர்ந்த உடலுக்குள் நொதிகள் எப்படிக் கெடாமல் இருக்கின்றன? அதே புரதங்களை வைத்துச் சோதனைக் குழாயில் ஒரு நொதியைக் காக்க முடியுமா? உயிர்வேதியியல் மாணவர்களும், நொதிகளை உலர்த்தி வைக்க வேண்டிய ஆய்வகங்களில் வேலை செய்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நீர் வற்றும்போது நொதிக்கு உண்மையில் என்ன ஆகிறது?

ஒரே நேரத்தில் பல கேடுகள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்தப் பாதுகாப்புப் பொருள் எதைத் தடுக்கிறது என்று புரியாது.

நொதியின் மேற்பரப்பிலுள்ள மின்னூட்டம் கொண்ட பகுதிகளும் முனைவுற்ற பகுதிகளும் நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கின்றன. நீர் போனதும் அவை தமக்குள்ளேயோ பக்கத்து மூலக்கூறோடோ பிணைய முயல்கின்றன. நீரை விலக்கும் பகுதிகளை உள்ளே மடித்து வைத்திருந்த விசையும் தளர்கிறது. மடிப்பு அவிழ்கிறது.

அதற்கு முன்பே செறிவு ஏறிவிடும். 100 மைக்ரோலிட்டர் கரைசல் 1 மைக்ரோலிட்டராகச் சுருங்கும் கட்டத்தில், 20 மில்லிமோலார் தாங்கல் கரைசல் 2 மோலார் ஆகியிருக்கும். உப்பு, அமிலத்தன்மை, நொதியின் சொந்தச் செறிவு எல்லாம் ஒன்றாக மாறுகின்றன. பாதி அவிழ்ந்த மூலக்கூறுகள் நெருக்கத்தில் மோதித் திரள்கின்றன. ஒருமுறை திரண்டுவிட்டால் நீர் ஊற்றினாலும் பெரும்பாலும் பிரியாது. பல அலகுகள் சேர்ந்த நொதிகளில் அலகுகள் பிரிந்து போவதும் உண்டு. சுருங்கும் துளியின் காற்றுப் பரப்பில் ஒட்டி அவிழும் மூலக்கூறுகளும் சேதக் கணக்கில் சேரும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேதத்தில் ஒரு பகுதி மறுபடி நீர் சேர்க்கும்போதுதான் நடக்கிறது. உலர்ந்த நிலையில் அரைகுறையாக அவிழ்ந்திருந்த மூலக்கூறு, நீர் வந்ததும் சரியாக மடிவதற்குள் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லா நீர்க்கரடிகளும் உலர்தலைத் தாங்குமா?

இல்லை. நன்னீரிலும் கடலிலும் வாழும் பல இனங்களுக்கு அந்தத் திறன் கிடையாது அல்லது குறைவு. பாசியிலும் மரப்பாசியிலும் வாழ்பவைதாம் இதில் வல்லவை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் இனங்கள் இரண்டு. ராமசோட்டியஸ் வாரியோர்னேட்டஸ் ஜப்பானின் சப்போரோ நகரப் பாசியிலிருந்து வந்தது. வேகமாக உலர்த்தினாலும் பிழைக்கும். ஹிப்சிபியஸ் எக்ஸெம்ப்ளாரிஸ் இங்கிலாந்தின் போல்டன் அருகே 1987இல் எடுக்கப்பட்ட குளத்து மாதிரியிலிருந்து வளர்க்கப்படுவது. 2018 வரை ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்ற பெயரில் வழங்கியதால் பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரே இருக்கும். இதை உயர் ஈரப்பதத்தில் மெல்ல உலர்த்திப் பழக்கினால்தான் பிழைக்கும். அந்த இடைவெளியில் அது பாதுகாப்புப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. முதல் இனத்தில் அவை எப்போதுமே மிகுதியாக இருக்கின்றன.

எந்தப் புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன?

2012இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராமசோட்டியஸ் சாற்றைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கி, திரளாமல் கரைசலிலேயே தங்கிய புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். சாதாரணப் புரதங்கள் அந்தச் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்துவிடும். தங்கியவை இரு குடும்பங்கள். சைட்டோபிளாசத்தில் இருப்பவை சிஏஎச்எஸ். உயிரணுவுக்கு வெளியே சுரக்கப்படுபவை எஸ்ஏஎச்எஸ். 2015இல் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் எம்ஏஎச்எஸ் சேர்ந்தது. மூன்று பெயர்களிலும் பொதுவாக வருவது 'மிகுதியாக உள்ள, வெப்பத்தில் கரைந்திருக்கும்' என்ற பொருள்.

2017இல் வெளிவந்த ஆய்வு, ஹிப்சிபியஸில் சில சிஏஎச்எஸ் மரபணுக்களை ஆர்என்ஏ குறுக்கீட்டால் அடக்கியபோது உலர்தலில் பிழைக்கும் விகிதம் குறைந்ததைக் காட்டியது. உறைபனியில் பிழைப்பது குறையவில்லை. அதே ஆய்வில் இந்தப் புரதங்களை ஈஸ்ட்டிலும் பாக்டீரியாவிலும் உற்பத்தி செய்ய வைத்ததும் அவற்றின் உலர்தல் தாங்கும் திறன் கூடியது. தூய்மைப்படுத்திய புரதம் சோதனைக் குழாயில் லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் நொதியைக் காத்தது. ஆகவே இது தற்செயலாக உடனிருக்கும் புரதம் அல்ல என்பதற்கு விலங்கிலும் குழாயிலும் சான்று இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மூன்று குடும்பங்களையும் ஒன்றாகக் கட்டி 'ஒழுங்கற்ற புரதங்கள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எஸ்ஏஎச்எஸ் புரதம் ஒன்றின் படிக அமைப்பு 2017இல் வெளியானபோது, கொழுப்பு அமிலங்களைப் பிணைக்கும் புரதங்களைப் போன்ற பீட்டாப் பீப்பாய் அமைப்பு அதில் தெரிந்தது. ஒழுங்கற்றது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது சிஏஎச்எஸ் குடும்பம்தான். இனி வரும் பதில்கள் அதைப் பற்றியவை. அதிலும் அதிகம் ஆராயப்பட்டது ஹிப்சிபியஸின் சிஏஎச்எஸ்-டி: 227 அமினோ அமிலங்கள், சுமார் 25 கிலோடால்டன்.

ஒழுங்கற்ற புரதம் என்றால் வடிவமே இல்லாததா?

நிலையான ஒற்றை வடிவம் இல்லாதது என்று கொள்ள வேண்டும். கரைசலில் அது பல வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும். சிஏஎச்எஸ்-டியின் நடுப்பகுதி நீண்டது, மின்னூட்டம் மிகுந்தது, ஆல்ஃபாச் சுருளாக மாறும் நாட்டம் உள்ளது. இரு முனைகளிலும் பீட்டா அமைப்பு எடுக்கும் துண்டுகள் இருக்கின்றன. நீர் குறையக் குறைய நடுப்பகுதியில் சுருள் கூடுகிறது. நடுப்பகுதி நீட்டி நிற்பதும் முனைகள் ஒட்டும் தன்மை பெற்றிருப்பதும் பின்னால் வரும் ஜெல் உருவாக்கத்துக்கு அடிப்படை.

அப்படியானால் நொதியை எப்படிக் காக்கிறது?

நான்கு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. நீர் விட்ட ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பாதுகாப்புப் பொருள் ஏற்றுக்கொள்கிறது என்பது நீர்-பதிலீட்டுக் கருத்து. நொதிகளுக்கு இடையே புகுந்து மோதலைத் தடுக்கிறது என்பது மூலக்கூற்றுக் கவசக் கருத்து. உலர்ந்ததும் படிகமாகாமல் கண்ணாடி போல இறுகி அசைவை நிறுத்துகிறது என்பது கண்ணாடி நிலைக் கருத்து. இழைவலை பின்னி அதன் கண்களுக்குள் நொதியைப் பிடித்து வைக்கிறது என்பது ஜெல் கருத்து.

இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. எங்கள் மதிப்பீட்டில், உலர்தலின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு வழி முன்னுக்கு வருகிறது என்று பார்ப்பதே சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. நீர் நிறைய இருக்கும்போது கவசம், பாதி வற்றியதும் ஜெல், முழுவதும் வற்றியபின் கண்ணாடி போன்ற திண்மமும் பிணைப்புப் பதிலீடும்.

கண்ணாடி நிலை விளக்கம் தள்ளப்பட்டுவிட்டது என்கிறார்களே?

2017 ஆய்வு கண்ணாடி நிலையை முன்னிறுத்தியது. 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரகாவாவும் நுமாடாவும் அதற்குக் கேள்வி எழுப்பினார்கள்: வெப்ப அளவீட்டில் கண்ட மாற்றத்தைக் கண்ணாடி நிலை மாற்றமாகப் படித்தது சரியா என்பது அவர்கள் வாதம். பல புரதங்களும் உலர்ந்தால் படிகமாகாத திண்மமாகத்தான் ஆகின்றன. அதனால் 'கண்ணாடியாகிறது' என்பது மட்டும் சிஏஎச்எஸ்ஸின் சிறப்பை விளக்காது. அசைவு நிற்பதால் கேடு குறைகிறது என்ற பொதுக் கொள்கை நிற்கிறது; இந்தப் புரதம் தனிப்பட்டது ஏன் என்பதற்கு அது தனியாகப் போதாது.

ஜெல் எப்படி உருவாகிறது? எவ்வளவு செறிவு வேண்டும்?

ஒரு மூலக்கூறின் முனையும் அடுத்ததன் முனையும் பீட்டா அமைப்பால் கோத்துக்கொள்கின்றன, நடுச்சுருள்கள் பக்கவாட்டில் அடுக்குகின்றன, இழைகள் வளர்கின்றன. உயிரணுச் சட்டகத்தின் இடைநிலை இழைகள் சேரும் முறையை இது ஒத்திருக்கிறது. அறை வெப்பத்தில் சிஏஎச்எஸ்-டி லிட்டருக்கு 5 கிராம் அளவில் திரவமாகவே இருக்கும். சுமார் 15 கிராமில், அதாவது 0.6 மில்லிமோலாருக்கு அருகே, குழாயைக் கவிழ்த்தாலும் வழியாத ஜெல் ஆகும். 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் கரையும், ஆறினால் மறுபடி இறுகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் உறைந்து, சூடாக்கினால் இளகுவதைப் போன்ற நடத்தை இது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். லிட்டருக்கு 1 கிராம் சிஏஎச்எஸ் உள்ள 100 மைக்ரோலிட்டர் கரைசல் தொடக்கத்தில் ஜெல் ஆகாது. அது 5 மைக்ரோலிட்டராக வற்றும்போது செறிவு 20 கிராமாகிவிடும். அந்தக் கட்டத்தில் தொடக்க நீரில் இன்னும் 5 சதவீதம் மீதம் இருக்கிறது. நொதி அவிழத் தொடங்கும் நெருக்கடிக்கு முன்பே வலை பின்னப்பட்டுவிட வாய்ப்பிருக்கிறது. 'குறைந்த செறிவில் ஜெல் இல்லையே, அப்புறம் எப்படி ஜெல் காக்கும்?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஜெல் அமைப்பு மூலக்கூறுகளின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது என்பதும், அந்தக் கட்டுப்பாடு உலர்தலில் நொதியைக் காப்பதோடு தொடர்புடையது என்பதும் 2024இல் வெளியான வயோமிங் பல்கலைக்கழகப் பணியில் காட்டப்பட்டுள்ளன. உயிரணுக்களுக்குள் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறும்போது அதே இழைவலை தோன்றுகிறது, வளர்சிதை மாற்றம் தாழ்கிறது, அழுத்தம் நீங்கியதும் வலை கரைந்து வேகம் பழையபடி திரும்புகிறது. பிழைப்போடு பொருந்திப் போனது வளர்சிதை மாற்றம் தாழ்ந்ததுதான். உயிரணுவின் கன அளவு காக்கப்பட்டதோடு பொருத்தம் காணப்படவில்லை. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித உயிரணுக்களிலும் இத்தகைய மீளக்கூடிய இழைகளைக் கண்டார்கள்.

சாதாரண ஆல்புமின் கூட நொதியைக் காக்கிறதே. நீர்க்கரடிப் புரதத்துக்கு என்ன தனிச் சிறப்பு?

நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. 2019இல் வட கரோலினாப் பல்கலைக்கழகக் குழு லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ், லிப்போபுரத லைபேஸ் என்ற இரு நொதிகளை உலர்த்தியும் உறையவைத்தும் உறைநிலையில் உலர்த்தியும் பார்த்தது. சிஏஎச்எஸ் புரதங்கள் காத்தன. உலர்தலோடு எந்தத் தொடர்பும் அறியப்படாத வேறு புரதங்களும், உருண்டை வடிவின, ஒழுங்கற்றவை இரண்டுமே, காத்தன. லாக்டேட் டீஹைட்ரோஜினேஸின் பாதுகாப்பு, சேர்க்கும் புரதத்தின் மின்னூட்ட அடர்த்தியோடு ஓரளவு ஒத்துப்போனது, முழுமையாக இல்லை.

ஆகவே குழாயில் ஒரு நொதி பிழைத்தது என்பதை மட்டும் வைத்து 'நீர்க்கரடி மாயம்' என்று எழுதக்கூடாது. சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அதிக அளவில் உயிரணுவுக்குள் கேடில்லாமல் இருக்க முடிவது, நீர் குறையும் அடையாளத்துக்குத் தானே வலையாக மாறுவது, நீர் வந்ததும் கலைவது, கொதிநிலைச் சூட்டிலும் திரளாமல் இருப்பது. ஒப்பீட்டுப் புரதம் வைக்காத எந்தச் சோதனையும் இவற்றில் ஒன்றையும் காட்டாது.

லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் சோதனையை எப்படிச் செய்வது?

முயல் தசையிலிருந்து எடுத்த இந்த நொதி நான்கு அலகுகள் சேர்ந்தது, சுமார் 140 கிலோடால்டன். உலர்தலுக்கும் உறைதலுக்கும் எளிதில் கெடும் என்பதாலேயே இது தேர்வாகிறது. இனி இதை எல்டிஎச் என்று குறிப்போம். பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்ஏடிஎச் என்ற துணைநொதி செலவாகும். 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறையும் வேகத்தை அளந்தால் நொதியின் செயல்திறன் கிடைக்கும்.

1. வாங்கிய எல்டிஎச் அம்மோனியம் சல்பேட் தொங்கலாக இருந்தால், 25 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.0 கரைசலில் குளிரில் டயாலிசிஸ் செய்யுங்கள் (மென்படலப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுவது). உப்பு மிஞ்சினால் முடிவே மாறிவிடும்.

2. எல்டிஎச் இறுதிச் செறிவு லிட்டருக்கு 0.1 கிராம் இருக்கும்படி, பாதுகாப்புப் பொருளை 0.01 முதல் 10 கிராம் வரை படிப்படியாக மாற்றிக் கலவைகள் தயாரியுங்கள். மொத்தம் 100 மைக்ரோலிட்டர், ஒவ்வொன்றும் மும்முறை.

3. ஒவ்வொரு கலவையையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி 4 டிகிரியில் திரவமாகவே இருக்கட்டும். மறுபாதியைச் சூடாக்காமல் வெற்றிடத்தில் சுமார் 16 மணி நேரம் உலர்த்துங்கள்.

4. இழந்த அளவுக்குச் சமமாக நீர் சேருங்கள். அறை வெப்பத்தில் 10 முதல் 30 நிமிடம் விட்டு, குழாயை மெல்லத் தட்டிக் கலக்குங்கள். சுழற்கலக்கி வேண்டாம், நுரை வந்தால் காற்றுப் பரப்பில் நொதி கெடும்.

5. அளவீட்டுக் கரைசல்: 100 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7.0, 2 மில்லிமோலார் பைருவேட், 100 மைக்ரோமோலார் என்ஏடிஎச். ஒரு சென்டிமீட்டர் கலத்தில் தொடக்க உறிஞ்சல் 0.62க்கு அருகே இருக்க வேண்டும். இதைவிடக் குறைவென்றால் என்ஏடிஎச் பழசாகிவிட்டது.

6. மாதிரியை 20 மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் அளவீட்டுக் கரைசலில் சேர்த்து உடனே பதிவு தொடங்குங்கள்.

நீர்க்கச் செய்யும் படியைத் தவிர்ப்பதுதான் தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறும் இடம். லிட்டருக்கு 0.1 கிராம் நொதி உள்ள மாதிரியை அப்படியே சேர்த்தால் கலத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் நொதி இருக்கும். மில்லிகிராமுக்கு 500 அலகு என்று வைத்தால்கூட நிமிடத்துக்கு 500 மைக்ரோமோலார் என்ஏடிஎச் செலவாகும்; கலத்தில் இருப்பதோ 100. பன்னிரண்டு நொடியில் எல்லாம் முடிந்து, தட்டையான கோடுதான் திரையில் தெரியும். நொதி செத்துவிட்டது என்று தப்பாக முடிவு கட்டுவார்கள். 20 மடங்கு நீர்த்தால் சரிவு நிமிடத்துக்கு 0.15 அளவில் வரும். நேர்கோட்டுப் பகுதி தெளிவாகக் கிடைக்கும்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு உறிஞ்சல் மாற்றத்தை 6.22ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை மில்லிமோலார் என்ஏடிஎச் செலவானது என்று வரும். உலர்ந்த பாதியின் வேகத்தை, அதே கலவையின் திரவப் பாதியின் வேகத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பாதுகாப்புப் பொருளின் செறிவை மடக்கை அளவில் கிடை அச்சில் வைத்தால் எஸ் வடிவக் கோடு வரும். ஐம்பது சதவீதத்தைக் காக்கும் செறிவே ஒப்பிடத்தக்க எண்.

ஒப்பீட்டை எடையில் செய்வதா, மூலக்கூறு எண்ணிக்கையில் செய்வதா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். லிட்டருக்கு 1 கிராம் சிஏஎச்எஸ்-டி என்பது 40 மைக்ரோமோலார், 0.1 கிராம் எல்டிஎச் 0.7 மைக்ரோமோலார். எடையில் பத்துக்கு ஒன்று. எண்ணிக்கையில் ஒரு நொதிக்கு ஐம்பதுக்கு மேல். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறோடு ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகி, எந்த அளவுகோலைத் தேர்ந்தாலும் ஒருவர் வென்றது போலக் காட்டிவிடலாம்.

என்னென்ன ஒப்பீட்டு மாதிரிகள் வேண்டும்?

பாதுகாப்புப் பொருள் இல்லாமல் உலர்த்திய எல்டிஎச், நொதி இல்லாத சிஏஎச்எஸ், மாட்டு சீரம் ஆல்புமின், ஜெலட்டின், ட்ரெஹலோஸ். ஜெலட்டினும் ஜெல் ஆகும் புரதம் என்பதால் 'ஜெல் ஆனாலே போதுமா?' என்ற கேள்விக்கு அது உதவும். முடிந்தால் ஜெல் ஆகாதபடி மாற்றியமைத்த சிஏஎச்எஸ் வடிவம் ஒன்றையும் சேருங்கள்.

சிஏஎச்எஸ் புரதத்தை ஆய்வகத்தில் தயாரிப்பது கடினமா?

வெப்பத்தில் கரைந்திருக்கும் தன்மையே தூய்மைப்படுத்தும் வேலையில் பாதியை முடித்துவிடுகிறது. ஈ.கோலை பிஎல்21 வகையில் மரபணுவை ஏற்றி, 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டர் ஒளி அடர்த்தி 0.6 வந்ததும் மரபணுவை இயக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து நான்கு மணி நேரம் விடுவார்கள். உயிரணுக்களைத் திரட்டி, புரதச் சிதைவுத் தடுப்பான் சேர்த்த டிரிஸ் கரைசலில் கலக்கி, 95 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி உறைந்து விழும். ஆறவைத்து மையவிலக்கி, தெளிந்த நீரை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிக்க வேண்டும்.

அதன்பின் 8 மோலார் யூரியா உள்ள அசிடேட் கரைசலில், பிஎச் 4இல், நேர்மின் அயனிப் பரிமாற்றப் பத்தியில் ஏற்றி, சோடியம் குளோரைடு செறிவை ஏற்றிக்கொண்டே பிரித்தெடுக்கலாம். முதலில் பாஸ்பேட்டிலும் பிறகு தூய நீரிலும் பலமுறை மாற்றி டயாலிசிஸ் செய்து, உறைநிலையில் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். டயாலிசிஸ் பைக்கு 3.5 கிலோடால்டன் எல்லை போதும்.

யூரியா சேர்த்தபின் சூடாக்காதீர்கள். சூட்டில் யூரியாவிலிருந்து சயனேட் உருவாகி அமினோ தொகுதிகளை மாற்றிவிடும். புரதத்தின் மின்னூட்டமே மாறும். ஜெல் மின்னாற்பகுப்பில் பட்டை 25 கிலோடால்டனைவிட உயரத்தில் ஓடினால் பதற வேண்டாம். ஒழுங்கற்ற புரதங்கள் அப்படித்தான் ஓடும். இவ்வகைப் புரதங்களில் நறுமண அமினோ அமிலங்கள் குறைவு என்பதால் 280 நானோமீட்டர் அளவு எளிதில் ஏமாற்றும். எடையாலோ, நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் பிசிஏ முறையாலோ சரிபாருங்கள்.

முடிவு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

உலர்தல் வேகத்தை முதலில் பாருங்கள். குழாயின் அடிப்பகுதி குறுகலா, தட்டையா என்பதற்கே துளியின் பரப்பு மாறி, வற்றும் நேரம் மாறும். ஒரே வகைக் குழாய், ஒரே கன அளவு, வெற்றிடக் கலத்தில் ஒரே எண்ணிக்கைக் குழாய்கள் என்று நிலைப்படுத்துங்கள். வெற்றிடத்தைச் சட்டென்று ஏற்றினால் கரைசல் கொப்பளித்துச் சுவரில் தெறிக்கும். பிறகு சேர்க்கும் நீர் அந்தப் பகுதியைத் தொடாது.

சிஏஎச்எஸ் கலவை குழாய்முனையில் வழுவழுப்பாக இழுபட்டால் செறிவு எல்லைக்கு அருகே இருக்கிறீர்கள். புரதக் கரைசலைத் தனியே 55 டிகிரியில் இளக்கி, ஆறவிட்டு, இறுகுவதற்குள் நொதியைச் சேருங்கள். சூடான கரைசலில் எல்டிஎச் சேர்த்தால் உலர்த்துவதற்கு முன்பே கெட்டுவிடும். ஜெல் ஆன மாதிரியில் நீர் சேர்த்தபின் நொதி முழுவதும் வெளிவர நேரமாகும். பத்து நிமிடத்திலும் ஒரு மணி நேரத்திலும் அளந்து, எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முதல் எண் தவறு.

நீர்த்த எல்டிஎச் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் குறையும். அளவிடுவதற்குச் சற்று முன்பே நீர்க்கச் செய்யுங்கள். நீர்க்கும் கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆல்புமின் சேர்ப்பதென்றால் எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி சேருங்கள். பாதுகாப்புப் பொருள் இல்லாத உலர் மாதிரியில் பாதிக்கு மேல் செயல்திறன் மிஞ்சினால் உங்கள் உலர்தல் முழுமையடையவில்லை, அல்லது டயாலிசிஸில் ஏதோ பாதுகாப்புப் பொருள் தங்கியிருக்கிறது. கிளிசரால் உள்ள நொதித் தயாரிப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

எல்டிஎச் மட்டும் போதுமா?

போதாது. எல்டிஎச் செயல்திறன் சோதனை முதன்மையாக மடிப்பு அவிழ்தலையும் அலகுகள் பிரிவதையும் காட்டுகிறது. சிட்ரேட் சிந்தேஸ் நொதி உலர்ந்து நனையும்போது கலங்கலாகத் திரளும். அதன் ஒளிச்சிதறலை அளந்தால் திரள்வதைத் தனியே பார்க்கலாம். ஒரு பாதுகாப்புப் பொருள் ஒன்றில் வல்லதாகவும் மற்றதில் சுமாராகவும் இருக்கலாம். இரண்டையும் செய்தால்தான் எந்த வழியில் காக்கிறது என்று பேசத் தகுதி வரும். அதன்பின் உங்களுக்கு உண்மையில் தேவையான நொதியைச் சோதியுங்கள். ஏனெனில் மின்னூட்டம் வேறான நொதிக்கு எல்டிஎச் முடிவை அப்படியே நீட்ட முடியாது.

ட்ரெஹலோஸ் மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் புரதம் எதற்கு?

பல வேலைகளுக்கு ட்ரெஹலோஸே சரியான தேர்வு. அது படிகமாகாமல் உலர்ந்தால் கண்ணாடி நிலை 100 டிகிரிக்கு மேல் வரை நிலைக்கும். சுக்ரோஸுக்கு அது சுமார் 60 முதல் 75 டிகிரி. இரண்டும் ஒடுக்கும் தன்மை இல்லாத சர்க்கரைகள். குளுக்கோஸ், லாக்டோஸ் போன்றவை சேமிப்பில் புரதத்தின் அமினோ தொகுதிகளோடு வினைபுரிந்து பழுப்பாக்கிவிடும்.

நீர்க்கரடிகளில் ட்ரெஹலோஸ் மிகக் குறைவாகவே இருக்கிறது, சில இனங்களில் கண்டறியும் அளவுக்கும் கீழே. இதனால்தான் புரதங்கள் மீது கவனம் திரும்பியது. ஆனாலும் 2022 ஆய்வு ஒன்று, சிறிதளவு ட்ரெஹலோஸும் சிஏஎச்எஸ் புரதமும் சேரும்போது இரண்டின் தனித்தனிப் பாதுகாப்பைக் கூட்டினால் வருவதைவிடக் கூடுதலாகக் கிடைப்பதைக் காட்டியது. நடைமுறையில் நாங்கள் முதலில் முயலச் சொல்வதும் இந்தக் கலவையைத்தான்: புரதத்தின் அளவு குறைகிறது, செலவும் குறைகிறது.

உறைநிலையில் உலர்த்தும்போது கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும்?

தாங்கல் கரைசலை. சோடியம் பாஸ்பேட் உறையும்போது அதன் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மிஞ்சிய திரவத்தின் பிஎச் மூன்று அலகு வரை இறங்கலாம். நொதி அமிலத்தில் நனைந்து கெட்டதற்குப் பாதுகாப்புப் பொருளைக் குறை சொல்வார்கள். ஹிஸ்டிடின் அல்லது பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். பனிப்படிகங்களின் பரப்பும் நொதியை அவிழ்க்கும் என்பதால், உறையவைத்து உருக்கிய மாதிரி ஒன்றைத் தனியே அளந்தால் சேதம் உறைதலில் வந்ததா உலர்தலில் வந்ததா என்று தெரியும்.

டிசப் புரதமும் நொதியைக் காக்குமா?

அது வேறு வேலைக்கானது. 2016இல் ராமசோட்டியஸிலிருந்து அறியப்பட்ட டிசப், டிஎன்ஏ சுற்றியிருக்கும் நியூக்ளியோசோமில் பிணைந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளின் தாக்குதலிலிருந்து காக்கிறது. மனித வளர்ப்பு உயிரணுக்களில் எக்ஸ் கதிரால் வரும் டிஎன்ஏ சேதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. நொதி உலர்தலோடு அதைச் சேர்த்துப் பேசும் செய்திகள் இரண்டு கதைகளைக் குழப்புகின்றன.

மருந்துகளில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களா?

ஆய்வக நிலையில் இருக்கிறது. இரத்த உறைவுக் காரணி எட்டு, ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளுக்கு வேண்டியது, நிலையற்றது, குளிரில் வைக்க வேண்டியது. 2023இல் வெளியான வேலையில், சிஏஎச்எஸ்-டியும் அதன் மாற்றியமைத்த வடிவங்களும் இந்தக் காரணியை உலர்நிலையில், குளிர்பதனம் இல்லாமல், மீண்டும் மீண்டும் உலர்த்தி நனைத்தபோதும் காத்தன. குளிர்ச் சங்கிலி எட்டாத இடங்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள் கடுமையானவை. வெளிப் புரதத்துக்கு உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குமா? ஈ.கோலையில் தயாரித்ததால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு எவ்வளவு மிஞ்சியது? மருந்தோடு சேர்ந்த இன்னொரு புரதத்தைத் தரக் கட்டுப்பாட்டில் எப்படிப் பிரித்து அளப்பது? சர்க்கரைக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அதனால் ஊசி மருந்தைவிட, நோயறிதல் பட்டைகளிலும் ஆய்வக நொதிகளிலும் இந்தப் புரதங்கள் முதலில் இடம்பிடிக்கும் என்பது எங்கள் கணிப்பு.

உலர்த்திய மாதிரியை எவ்வளவு ஈரப்பதத்தில் வைக்க வேண்டும்?

ஈரம் ஏறினால் இறுகிய திண்மம் இளகும், அசைவு திரும்பும், சேதம் மறுபடி தொடங்கும். எஞ்சிய நீர் 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கார்ல் ஃபிஷர் முறையில் அளக்கலாம். சேமிப்புச் சோதனைக்கு ஈரப்பதத்தை நிலையாக வைக்க, மூடிய பெட்டியில் தெவிட்டிய உப்புக் கரைசல் போதும். 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு சுமார் 11 சதவீதம், மக்னீசியம் குளோரைடு 33, சாதாரண உப்பு 75, பொட்டாசியம் சல்பேட் 97 என்று ஈரப்பதம் தரும். அடியில் கரையாத உப்பு எப்போதும் தெரிய வேண்டும். முழுவதும் கரைந்துவிட்டால் எண் மாறிவிடும். கடைசி உப்பு, நீர்க்கரடிகளை மெல்ல உலர்த்திப் பழக்கும் முதல் கட்டத்துக்கும் பயன்படும்.

நீண்ட நாள் சேமிப்புக்கு அலுமினியப் படலப் பை, உள்ளே சிலிக்கா ஜெல், வாயை வெப்பத்தால் ஒட்டுதல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். குளிர்ந்த தூள்மீது காற்றின் ஈரம் படிந்தால், பல வாரம் காத்த நொதி சில நிமிடங்களில் நனையத் தொடங்கிவிடும்.